ஏற்காட்டுக்கு வாங்க, ஆனா பஸ்ல வாங்க

ஃபைனல் இயர் வந்தாச்சு. பிளேஸ்மென்ட் கிடைச்சவன், கிடைக்காதவன், எம்.எஸ். போறேன்னு சொல்லிட்டுத் திரியறவன் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்துல ஒத்துப்போவோம்: பிரியறதுக்கு முன்னாடி ஒரு டிரிப். சேலம் பக்கத்துல படிக்கிறவங்களுக்கு அது அநேகமா ஏற்காடுதான். காலைல பைக்ல கிளம்பணும், லேக் பாக்கணும், லேடீஸ் சீட்ல போட்டோ எடுக்கணும், இருட்டறதுக்குள்ள இறங்கிடணும். குரூப்ல இந்த வருஷமும் இதே பிளான் ஓடிட்டு இருக்கு.

எங்க அப்பா சேலம் – ஏற்காடு ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். அதனால இந்த மலையைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் உரிமையோட பேசறேன். இங்கிலீஷ் மீடியம் தமிழ், அங்கங்க இடறும். பொறுத்துக்குங்க.

முதல்ல ரோடு. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரச்சினை இல்ல, இறங்கும்போதுதான் எல்லாமே. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்ற பசங்களை அப்பா தினமும் பார்க்கிறார். நாம இன்ஜினியரிங் ஸ்டூடன்ட்ஸ், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாப்போம். வண்டியும் ரெண்டு பேரும் சேர்த்து 300 கிலோ. இறங்கற உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர். எம்ஜிஹெச் போட்டா 30 லட்சம் ஜூலுக்கு மேல வரும். பத்து லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காத்தும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கும். மீதியை இன்ஜின் பிடிச்சு இழுக்கணும். இன்ஜினை அணைச்சிட்டா அந்தச் சூடு மொத்தமும் பிரேக்குக்குத்தான் போகும். பிரேக் சூடேறிட்டா பிடிக்காது. அதனாலதான் "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு"ன்னு பழைய டிரைவர்கள் சொல்வாங்க. இன்னொண்ணு, மலை ரோட்டில் ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கறவர் நின்னு வழி விடணும்.

பஸ் மட்டும் விழாதான்னு கேப்பீங்க. விழும். 2024 ஏப்ரல் 30 அன்னைக்கு ஏற்காட்டிலிருந்து இறங்கின தனியார் பஸ் ஒண்ணு பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போச்சு. அப்போ நான் செகண்ட் இயர். "ஏற்காடு பஸ் கவுந்துடுச்சாம்"னு மட்டும்தான் முதல்ல செய்தி வந்துச்சு, எந்த பஸ்னு வரல. அப்பாவுக்கு அம்மா போன் போடறாங்க, எடுக்கல. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார், அது எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த ஒரு மணி நேரம் எங்க வீட்ல யாரும் உக்காரல. ராத்திரி வந்தார், சாப்பிட்டார், மறுநாள் டியூட்டிக்குப் போயிட்டார். இந்த மலையை நல்லாத் தெரிஞ்ச ஆளே தினமும் பயந்து பயந்துதான் ஓட்டுறார். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற நாம எப்படி ஓட்டணும்னு நீங்களே சொல்லுங்க.

அதனால பஸ்ல வாங்க. சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறலாம். எந்தப் பக்கம் சீட் பிடிக்கணும்னு சண்டை வேண்டாம், அத்தனை வளைவுல ரெண்டு பக்கத்துக்கும் வியூ வந்துடும். முடிஞ்சா ரெண்டு நாள் ஒதுக்குங்க.

"ஏழைகளின் ஊட்டி"ன்னு இதைச் சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஊட்டிக்குப் போகக் காசில்லாதவன் வர்ற இடம்கிற மாதிரி இருக்கு. இது கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற சேர்வராயன் மலை. இதுக்குன்னு ஒரு கதை, ஒரு வாசனை, சொந்த ஜனம் எல்லாம் இருக்கு.

ஏரியில் ஆரம்பிங்க. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு. போட்டிங் போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இந்த ஏரி நிரம்பினா தண்ணி எங்கே போகுதுன்னு கேட்டுப் பாருங்க. கிளியூர் அருவிக்குத்தான். சுமார் 300 அடி விழுற அருவி. அதனால மழைக்கு அப்புறம் வந்தா அருவி, ஏப்ரல்ல வந்தா வெறும் பாறை. ஏரிக்கரையில் நீங்க வீசற சிப்ஸ் பாக்கெட்டும் அதே வழியில்தான் போகும். அருவிக்கு இறங்கறது சுலபம், திரும்பி ஏறும்போது ஜிம் போறவனுக்கும் நாக்கு தள்ளும்.

அடுத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்குப் போங்க. கூட்டமே இருக்காது. ஆர்க்கிட் வகைகள் நிறைய இருக்கு. பூச்சியைப் பிடிச்சுத் தின்னும் குடுவைச் செடியும் இருக்கு. பயாலஜி புக்ல படம் மட்டும் பாத்துட்டு மார்க் வாங்கினோமே, அதை நேர்ல பாக்கலாம்.

வழி நெடுக சில்வர் ஓக் மரங்கள். அதுல மிளகுக்கொடி, அதுக்கு நிழலில் காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டு வந்தார்னு சொல்றாங்க. கோடை மழை ஒண்ணு பெய்ஞ்ச சில நாள்ல செடி முழுக்க வெள்ளைப் பூ பூத்து, மல்லிகை மாதிரி வாசம் வரும். வருஷக் கடைசியில் பழம் சிவந்து பறிப்பு நடக்கும். பறிக்கிறவங்களுக்கு அது கூலி வேலை, நமக்கான பேக்கிரவுண்டு இல்ல. எஸ்டேட்டுக்குள்ள போகணும்னா கேட்டுட்டுப் போங்க. ரோட்டோரக் கடையில் காப்பித்தூளும் மிளகும் வாங்குங்க. அந்தக் காசு மலையிலேயே தங்கும்.

அப்புறம் சேர்வராயன் கோயில். மலையோட உச்சி, 1,600 மீட்டருக்கு மேல. மேலே போனா மேசை மாதிரி பரந்த சமவெளி. கோயில் ஒரு குகை, குனிஞ்சுதான் போகணும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகுதுன்னு ஒரு நம்பிக்கை. மே மாசத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களே திரண்டு வரும்.

அந்த ஜனங்களுக்குப் பேரு மலையாளி. எங்க கிளாஸ்ல ஒரு பையன் இந்த மலைக்காரன். அவன் சர்டிபிகேட்டைப் பாத்துட்டு "டேய், நீ கேரளாவா?"ன்னு கேக்காத ஆள் கிடையாது. மலையை ஆளுறவங்க, அதான் மலையாளி. பேசறது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பின அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலைன்னு ஆளுக்கொரு மலைக்குப் போனாங்கங்கறது அவங்க வழிவழியாச் சொல்ற கதை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதியில் பழங்குடியினருக்கு ஒதுக்கினது ரெண்டே ரெண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். நாலு வருஷமா அவன்கூட ஒரே பெஞ்ச்ல உக்காந்திருக்கோம், அவன் ஊர் வழியா டிரிப்பும் போறோம். ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாமே?

சாயங்காலம் லேடீஸ் சீட். கீழே சேலத்தில் ஒவ்வொரு விளக்கா எரிய ஆரம்பிக்கும். பகலில் வானம் தெளிவா இருந்தா மேட்டூர் அணை தெரியும். இந்த மலையோட மேல்பரப்பில் இருக்கிற செம்மண்ணில் பாக்சைட் இருக்கு. பல வருஷம் இங்கே வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போனாங்க. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் நாலு டன் பாக்சைட் வேணும். மெட்டீரியல் சயின்ஸ் லேப்ல நாம தொட்ட உலோகம் ஏதோ ஒரு மலையோட தோல்தான். அங்கே உக்காந்து இதை யோசிச்சா போட்டோ எடுக்கற அவசரம் கொஞ்சம் குறையும்.

அடுத்த வருஷம் ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் சென்னை, ஒருத்தன் இன்னும் ரெஸ்யூமே அனுப்பிட்டு இருப்பான். இந்த டிரிப்பில் எடுத்த போட்டோவைப் பாக்கும்போது அதுல இருக்கற எல்லாரும் உயிரோட இருக்கணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க. வளைவுல வேகம் குறைஞ்சா "அண்ணே, சீக்கிரம்"னு மட்டும் கத்தாதீங்க. ஓட்டுறது எங்க அப்பாவா இருக்கலாம்.