வேலியடைப்பும் அடைக்கோழியும்

மாரி நெல்லை அறுத்து வைக்கலைப் போராக்கிய பிறகு, சோழகக் காற்று கிளம்புவதற்கு முன் ஓர் இடைவெளி வரும். யாழ்ப்பாணத் தீவகத்தில் அதுதான் வேலியடைப்புக் காலம். பங்குனியில் வயலில் வேலை இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்குள் வளவு துப்புரவாக வேண்டும். பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியே வேலணைக்குப் போயிருந்தபோது, ஒரு வளவில் இந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது.

கூலிக்கு வந்த ஐயா முதலில் கதியால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். கிளுவையும் பூவரசும் உயிரோடு நின்றன. பட்டுப்போன இடத்தில் இப்போதைக்கு ஒரு தடியை ஊன்றிவிட்டு, "மாரிக்குத்தான் புதுசு நடவேணும், இப்ப நட்டால் பிடிக்காது" என்றார். ஓலை முன்னரே தயாராக இருந்தது. பச்சைப் பனையோலையை வெட்டியவுடன் கட்டிவிட முடியாது. விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறி மிதித்து, கல்லைப் பாரமாக வைத்து விட்டால்தான் தட்டையாகும். மிதிக்கிற வேலை அந்த வீட்டுப் பிள்ளைகளுடையது.

அடைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள் குத்துவார். உள்ளே நிற்பவர் அதை வாங்கி, குறுக்குத் தடியான வரிச்சைச் சுற்றி, திரும்பக் கொடுப்பார். ஓலை எழும்ப எழும்ப ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாமல் போகிறது. "குத்துங்கோ", "இழு", "கொஞ்சம் கீழ" என்ற குரல்தான் பிறகு வேலையை நடத்துகிறது. வெளியே ஐயா, உள்ளே அவருடைய மனைவி. முடிச்சு இறுகுவதும் வேலி நேராக நிற்பதும் உள்ளே நிற்பவர் கையில் இருக்கிறது. ஆனால் ஊரில் வேலியடைக்கிறவர் யார் என்று கேட்டால் ஐயாவை மட்டுமே காட்டுவார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய ஓலையைக் கழற்றியதும் கோழிகள் ஓடி வந்தன. மண்ணைத் தொட்டு உக்கிய ஓலையில் கறையான் மொய்த்துக் கிடந்தது. தாய்க்கோழி கெக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டு, கொத்திக் கொத்திக் காட்டியது. வளர்கிற குஞ்சுக்கு இதைவிட நல்ல தீன் கடையில் இல்லை என்றார் வீட்டு அக்கா. அவருடைய இன்னொரு கோழி குசினிக் கோடியில் அடையில் இருந்தது. பழைய கடகத்தில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கல் போட்டு முட்டை வைத்திருந்தார். இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓர் இரும்புத் துண்டும் கரியும். இருபத்தொரு நாள் கணக்கு. அடைக்கோழி நாளில் ஒருமுறை இறங்கி, தின்று, புழுதி குளித்துவிட்டுத் தானாகத் திரும்பி ஏறும். பொரித்த குஞ்சைப் பருந்திடமிருந்து காக்க முதல் நாட்களில் கரப்பால் மூடிவைப்பார்கள். கொள்ளை நோய்க்கு மட்டும் நாட்டு வைத்தியத்தை நம்ப வேண்டாம். ராணிக்கட் நோய் புகுந்தால் கூடே காலியாகிவிடும். அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, கண்ணில் சொட்டாக விடுவதும் உண்டு. முட்டைக் காசு அக்காவின் கையில்தான் நிற்கிறது. பிள்ளைகளின் கொப்பியும் பேனையும் அதிலிருந்து வருகின்றன.

வேலி ஒழுங்காக இருந்தால்தான் கோழி அயல் வளவுக் கத்தரிக்கன்றைக் கிளறாது. கிளறினால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும். கழற்றிய ஓலையும் வீணாவதில்லை. அது தோட்டத்தில் புதைந்து பசளையாகிறது. இதே தீவகத்தின் நெடுந்தீவில் மண் குறைவு, கல் அதிகம். அங்கே பவளக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கியே வேலியாக்கிவிட்டார்கள். கிடைப்பதை வைத்துக் கட்டும் அதே கெட்டித்தனம்தான் அதுவும்.

1990இல் இராணுவ நடவடிக்கையோடு தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பியவர்கள் பலர் கண்டது எல்லை தெரியாத பற்றைக் காடு. போர்க்காலத்தில் வடக்கில் காவலரண்களுக்காகப் பனைகள் கணக்கில்லாமல் தறிக்கப்பட்டன. மீண்டும் எல்லை பிடிக்கத் தகரமும் கம்பியும் வந்தன. அப்போதைய நெருக்கடியில் அது நியாயம். இப்போது வெளிநாட்டுக் காசில் சீமெந்து மதில் எழும்புகிறது. மதிலுக்கு வருடா வருடம் செலவில்லை என்கிறார்கள். மெய்தான். ஆனால் மதில் காற்றை மறிக்கிறது, வெயிலை உள்வாங்கி இரவில் கக்குகிறது, தோட்டத்துக்கு ஒரு பிடி பசளை தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, குத்தூசி பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் செய்கிறது.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்து ஊர் வளவைத் திருத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருப்பக்கம் மதில் கட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் ஓலை வேலியாக இருக்கட்டும். அடைக்க வருகிறவரின் கூலியைப் பேசும்போது, உள்ளே நின்று கயிறு வாங்குகிறவருக்கும் சமமாகப் பேசி, அவர் கையிலேயே கொடுங்கள்.