முகையூர் ரயிலில் ஒரு பந்தாட்ட வழக்கு

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் பாதையில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? அவசரக்காரர்களுக்கு ஏற்ற பாதை அல்ல அது. மாம்பழப்பட்டு, ஆயந்தூர், முகையூர் என்று சின்னச் சின்ன நிலையங்கள். இரு புறமும் கரும்பு; இடையிடையே, இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை. முகையூருக்குப் போனால் மகிமை மாதா ஆலயத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

இந்தப் பாதைக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1896-ல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், விழுப்புரத்தில் கையிலிருந்த காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கினான். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் போதியது. அங்கே இறங்கி, அறகண்டநல்லூர் வரை நடந்தே போனான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி. காசு பாதி வழிக்குத்தான் வரும். மீதியை நடந்து கடக்க வேண்டும் என்பதை இந்தப் பாதை அன்றே கண்டிருக்கிறது.

முகையூரில் விழுப்புரம் வண்டி ஏறினேன். எதிர்ப் பலகையில் இரண்டு இளைஞர்கள். குடும்பச் சொத்துத் தகராறோ என்று எண்ணும்படி அத்தனை காரசாரம்! உற்றுக் கேட்டால், சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்துச் சங்கம் பணத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் வழக்கு.

"காசை இறக்கணும் மாப்ளே! வெளிநாட்டு ஆளைக் கொண்டாரணும். 2018 மார்ச் மாசம் பெங்களூர்ல கோப்பை ஜெயிச்சமே, மூணு கோலையும் போட்டது யாரு? பிரேசில்காரங்கதானே?"

"சரிதான் மாமா. அடுத்த பருவத்துல என்னா ஆச்சு? பத்து டீம்ல பத்தாவது இடம்! அப்ப மட்டும் காசு எங்க போச்சு?"

இருவர் சொன்னதும் உண்மையே. அந்த இறுதி ஆட்டத்தில் சென்னை 3-2 என்று வென்றது. மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மறு பருவத்தில் அதே சங்கம் கடைசிக்குப் போனதும் நடந்த கதைதான்.

பந்தாட்டம் தெரியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. ஆட்டக்காரரை 'வாங்குவது' என்றால் ஆளை விலை பேசுவதல்ல. இத்தனை வருஷம் எங்களுக்கே ஆட வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவது. கெடு முடியுமுன் வேறு சங்கம் அழைத்துப் போனால், பழைய சங்கத்துக்குத் தொகை கொடுக்க வேண்டும். அப்படித்தான் 2017-ல் பாரிஸ் நகரத்துச் சங்கம் நெய்மார் என்ற ஒருவருக்காக 22 கோடியே 20 லட்சம் யூரோ கொட்டியது. அடேயப்பா! பிறகு மெஸ்ஸியும் வந்தார். ஆனால் ஐரோப்பியக் கோப்பை அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது எப்போது தெரியுமா? இருவரும் போன பிறகு, 2025-ல்!

இளைஞர்களின் வழக்கு ஆயந்தூர் தாண்டியும் ஓயவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"யப்பா, சந்தையில வாங்கின மாடும் நல்லாத்தான் உழும். ஆனா வூட்டுக் கன்னுக்குட்டிக்குத் தவிடு வைக்காதவன், வருஷா வருஷம் சந்தைக்கேதான் போவணும்" என்றாள்.

கேட்டீர்களா தீர்ப்பை! பாட்டி சொன்னதற்குச் சாட்சி வேண்டுமானால், சென்னை கடைசிக்குப் போன அந்த 2018-19 பருவத்தையே பாருங்கள்.

அதே பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு சங்கம் கோயமுத்தூர் நேரு மைதானத்தைத் தன் வீடாக்கிக்கொண்டு ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2019 மார்ச் 9-ம் தேதி, கடைசி ஆட்டத்தில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தியது. கோல்களைக் குவித்த பெட்ரோ மான்ஸி வெளிநாட்டவர்தான். ஆனால் அவரைச் சுற்றி எட்வின் சிட்னி, ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பிள்ளைகள் நின்றார்கள். சந்தை மாடும் வீட்டுக் கன்றும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருந்தன.

அப்புறம்? எட்வின் சென்னையின் சங்கத்துக்குப் போனார். ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோல் போட்டு மோகன் பகானை வீழ்த்தினார். கல்கத்தா அவரைக் கொண்டாடியது. பெற்று வளர்த்தது நாம். விளக்கேற்றியது வேறு வீட்டில். பிள்ளைகளை வளர்த்தால் மட்டும் போதாது, வளர்ந்தவர்களை வைத்துக்கொள்ளவும் பணம் வேண்டும் என்பதை இளைஞர்கள் இருவருமே சொல்ல மறந்துவிட்டார்கள்.

விழுப்புரத்தில் இறங்கியதும் நான் ஊர் திரும்பவில்லை. பண்ருட்டி வழியாகக் கடலூருக்கு வண்டி மாறினேன். காரணம் உண்டு. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பட்டமும் கிடைத்தது. 2019 மே மாதம் லூதியானாவில், மதுரைச் சேது எஃப்.சி.யின் பெண்கள், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று தேசிய மகளிர் லீக்கைக் கொண்டுவந்தார்கள். நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரியை அழைத்து வந்தது அந்தச் சங்கம். ஆனால் நடுக்களத்தின் அச்சாணி, கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன்.

1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். ஆகவே இந்துமதி முகையூர்க்காரர்களுக்கும் வீட்டுப் பெண்தான். 2018-ல் தமிழ்நாடு, ஆண்டாண்டாய்க் கோலோச்சிய மணிப்பூரைத் தோற்கடித்து, தேசிய மகளிர் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றபோதும் அவர் ஆடினார். இந்திய அணியிலும் ஆடினார். காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். 2021-ல் கொரோனா ஊரடங்கின்போது சென்னைத் தெருவில் முகக்கவசத்துடன் பணி பார்த்தார். இந்தியாவுக்கு ஆடிய சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்தவர்தான். 2004 சுனாமி பெற்றோரையும் வீட்டையும் கொண்டுபோன பின், இந்தக் கரையிலேயே பந்தைத் தொட்டு எழுந்து நின்ற சிறுமிகளும் உண்டு.

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பக்கம் மாலையில் கடற்காற்று வீசும். அந்த நேரம் மைதானத்து ஓரத்தில் சற்று நில்லுங்கள். பூட்ஸ் ஒரு ஜோடி, முட்டையும் பாலும், இருட்டும்போது வீடு வரை துணைக்கு ஒரு ஆள். ஒரு பெண் குழந்தை பந்தாட வேண்டுமானால் இவ்வளவுதான் செலவு. நெய்மாருக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்தால் இது தவிட்டுக் காசு! ஆனால் இந்தக் காசு கிடைக்காமல், பதின்மூன்று வயதில் பந்தை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேரோ?

சங்கங்கள் கோடிகளை எங்கே போடலாம் என்று ஆண்கள் ரயிலில் வாதாடட்டும். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண் நாளைக்குப் பந்து வாங்கித் தரச் சொன்னால், "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாங்கிக் கொடுங்கள், மாலையில் அவளோடு மைதானம் வரை ஒரு நடை போய்விட்டும் வாருங்கள்.