ஸ்கிப்டன் சந்தையும் ராத்தாவும்

நான்கு பருவங்களைப் படிப்பிக்கும்போது வகுப்பில் யாராவது கேட்பார்கள்: "டீச்சர், நீங்க நேர்ல பாத்தீங்களா?"

பார்த்தேன். பெரும்பாலும் ஒரே தெருவில்.

2022 செப்டெம்பர் முதல் ஒரு வருடம், கணவரின் மேற்படிப்புக்காக, சம்பளமற்ற லீவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்தேன். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கீத்லியில் என் ராத்தா. மச்சான் மவுத்தாகி வருடம் திரும்பவில்லை. "வரக்குள்ள அவவக் கையோட கூட்டிட்டு வா" என்று சொல்லித்தான் வாப்பா என்னை அனுப்பினார்.

ராத்தா சனிக்கிழமைகளில் ரயிலேறி ஸ்கிப்டன் சந்தைக்குப் போவார். கால் மணி நேரப் பயணம். நானும் சேர்ந்துகொண்டேன்.

ஸ்கிப்டன் என்ற பெயருக்குச் செம்மறியாட்டு ஊர் என்று அர்த்தம். 1204 இல் ஜோன் மன்னர் சந்தை கூட உரிமை கொடுத்த இடம். இன்றும் திங்கள், புதன், வெள்ளி, சனி என வாரத்தில் நான்கு நாள் கூடுகிறது. ஹை ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் கல் பாவிய ஓரங்களில் கூடாரக் கடைகள். தெருவின் மேல் முனையில் தேவாலயமும் கோட்டையும்.

முதலில் கண்டது இலையுதிர் காலம். ஆப்பிளும் பிளம்ஸும் குவிந்து கிடந்தன. டிசம்பரில் குட்டிக் கோவா, கையுறை, கம்பளித் தொப்பி. நாலு மணிக்கு முன்னே மஃரிப் ஆகிவிடும். லுஹர் தொழுது நிமிர்ந்தால் அசர் வந்து நிற்கும். விரல் விறைக்கும் அந்தக் குளிரிலும் வியாபாரிகள் வந்தார்கள், சனமும் வந்தது. எனக்கு அதுதான் அதிசயம். வெயிலுக்கு வருவதை யாரும் செய்யலாம்.

உருளைக்கிழங்கு விற்கும் கிழவர் ஒருவர். ராத்தா இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இரண்டு தடவை விசாரித்திருக்கிறார். திரும்பிப் போன அன்று, கேள்வி ஒன்றும் கேட்காமல், நிறுத்த கிழங்குக்கு மேலே இரண்டு ஆப்பிளை வைத்துக் கொடுத்தாராம். ரமழான் மார்ச் கடைசியில் வந்தது. சுற்றிலும் குன்றுகளில் ஆட்டுக்குட்டிகள். "தண்ணீர் கூடக் கிடையாதா?" என்று அதே கிழவர் வாரா வாரம் கேட்டார். வாரா வாரம் அதே பதில் சொன்னோம்.

கோட்டைக்குள் ஒரு முறைதான் டிக்கெட் எடுத்துப் போனோம். அங்கே பிறந்தவர் ஆன் கிளிஃபர்ட். 1605 இல் தகப்பன் இறந்தபோது சொத்து மகளுக்கு வராமல் தம்பிக்குப் போனது. விடாமல் போராடி, 1643 இல்தான் அவர் கைக்கு வந்தது. (மகளுக்குப் பங்கு உண்டு என்று நமக்கு மார்க்கமே சொல்லியும் நம் ஊர்களில் நடப்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.) உள்நாட்டுப் போரில் சிதைந்த கோட்டையைத் திருத்தி, 1659 இல் முற்றத்தில் அவர் நட்ட யூ மரம் இன்னும் நிற்கிறது. அவரும் இரண்டு தடவை விதவையானவர். ராத்தா அந்த மரத்தடியில் நெடுநேரம் இருந்தார்.

நான் வாப்பாவின் பேச்சை எடுத்தது ஜூன் மாதம், கால்வாய்க் கரையில். படகுகள், ஸ்ட்ரோபெரி, உல்லாசப் பயணிகள். இரவு ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம்.

"ஊருக்கு வந்தா நான் யாரு புள்ள?" என்றார். "மவுத்தானவர்ர பொஞ்சாதி. பாவம் எண்டு பாக்கிற ஆள். இஞ்ச நான் சனிக்கிழம கிழங்கு வாங்க வாற பொம்புள."

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஊர் அன்பான ஊர்தான். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.

செப்டெம்பரில் நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். வாப்பா விமான நிலையத்தில் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ராத்தாவின் கோல் அசருக்குப் பிறகுதான் வரும், சந்தை முடிந்து. வாப்பா போனை வாங்கி முதலில் கேட்பது, "கெழங்கு என்ன வெல?"