பள்ளத்தைத் தாண்ட முதல்

போன மாதம் ஒரு தம்பியிடமிருந்து எங்கட குறூப்புக்கு மெசேஜ் வந்தது. "அண்ணையவை, ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் தொடங்கியிருக்கிறன். முதல்ல என்ன செய்யிறது?" ஆளுக்கொரு வொய்ஸ் நோட் போட்டோம். ஒருத்தன் மீன் பிடி என்றான், இன்னொருத்தன் மாட்டை அடி என்றான், மூன்றாமவன் போய்ப் படி என்றான். தம்பி குழம்பிப்போய், "எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதித் தாங்கோவன்" என்று கேட்டான். அதுதான் இது.

தம்பி யார் என்றதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கொஞ்சம் பிந்திச் சொல்லுறோம்.

விளையாட்டைத் தெரியாத ஆக்களுக்கு இரண்டு வரி. ரூன்ஸ்கேப் 2001இல் இங்கிலாந்தில் தொடங்கினது. வாளும் மந்திரமும் பறவைநாகமும் இருக்கிற ஒரு உலகம்; ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆக்கள் அதுக்குள்ள திரிவினம். வருசம் போகப் போக அதை மாற்றி மாற்றி, பழைய ஆக்களுக்கு அடையாளமே தெரியாமல் போயிட்டுது. அவர்கள் முறைப்பட்டதில, ஜாகெக்ஸ் கொம்பனி 2007 ஓகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்து 2013இல் தனியாக விட்டது. அதுதான் ஓல்ட் ஸ்கூல். 2018இல் போனுக்கும் வந்தது. படம் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும், முகத்தில் மூக்கைத் தேட வேணும். ஆனால் அதனாலேயே பழைய போனிலும் ஓடும், டேட்டாவையும் பெரிசாகத் தின்னாது. 2020 ஊரடங்கில் எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கணக்குத் திறந்ததும் ஒரு தீவில் இறக்கிவிடுவினம். இறால் பிடி, சுட்டுப் பார், எலியை அடி என்று ஒவ்வொருத்தராகப் பாடம் எடுப்பினம். எல்லாரும் இதை ஓடிக் கடக்கப் பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான். பிறகு வங்கியில் சாமானை எப்படி வைக்கிறது என்று தெரியாமல் 28 பெட்டிப் பையும் நிரம்பி, எலும்பையும் கருகின இறாலையும் சுமந்துகொண்டு ஒரு பின்னேரம் முழுக்கத் திரிந்தோம். ஆறுதலாக வாசியுங்கோ. அரை மணித்தியாலம்தான்.

தீவு முடிய லம்பிரிட்ஜ் என்ற ஊரில் விடுவார்கள். அங்கேதான் தலை சுத்தும், ஏனென்றால் இனி என்ன செய்வது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கோட்டைக்குள் போய்ச் சமையல்காரனோட கதையுங்கோ. ஆள் அழுதுகொண்டு நிற்பான். பிரபுவின் பிறந்தநாள் கேக்குக்கு முட்டையும் பாலும் மாவும் இல்லையாம். முட்டை கோழிப் பண்ணையில் நிலத்தில கிடக்கும். பால், வாளியோட போய் மாட்டில கறக்கலாம். மாவுதான் சோதனை. கோதுமையைப் பிடுங்கி, காற்றாலையின் உச்சிக்கு ஏறி, தொட்டிக்குள் போட்டு, பிடியை இழுத்து, திரும்பக் கீழே இறங்கிப் பானையில் அள்ள வேணும். பானை கொண்டுபோக மறந்தால் திரும்பக் கோட்டைக்கு நடை. எங்களில் ஒருத்தன் இரண்டு தரம் மறந்தவன், பெயர் சொல்லேல்ல.

இந்தச் சின்ன வேலையை நாங்கள் முதல் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. இந்த விளையாட்டில் 'குவெஸ்ட்' என்று சொல்லுற கதைகள்தான் ஊரைக் காட்டும், ஆக்களைப் பழக்கும், சிலது நாள்கணக்கான உழைப்பை ஒரேயடியாகத் தரும். வரொக் நகரத்தில் ரோமியோவையும் ஜூலியட்டையும் சேர்த்துவைக்கிற கதைக்கு 5 குவெஸ்ட் புள்ளி, அதுக்கு ஒரு அடிதடியும் தேவையில்லை. காசு கட்டி மெம்பர் ஆன பிறகு என்றால் வோட்டர்ஃபோல் குவெஸ்டை முதலில் செய்யுங்கோ. தாக்குதல் 1இல் நிற்கிற ஆளை ஒரே பாய்ச்சலில் 30க்குக் கொண்டுபோகும். வழி தெரியாட்டி விக்கியைப் பாருங்கோ, திரையிலேயே அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. பார்க்கிறது களவு என்று சிலர் சொல்லுவினம். அவர்களும் பார்த்துத்தான் விளையாடினவர்கள்.

அதுக்காக உடனே மெம்பர் ஆகிடாதையுங்கோ. டொலரில் கட்ட வேணும், கார்ட் வேணும், வீட்டில விளக்கம் சொல்ல வேணும். இலவசப் பக்கத்திலேயே ஒரு மாதத்துக்குக் காணும். பொண்ட் என்று ஒரு சாமான் இருக்கு, விளையாட்டுக் காசில் வாங்கினால் 14 நாள் மெம்பர் ஆகலாம். ஆனால் அதன் விலை மில்லியன் கணக்கில். புது ஆள் இலவசப் பக்கத்தில் இருந்து அதைச் சேர்க்கப் போனால் விளையாட்டு வேலையாகிவிடும். எங்களுக்கு ஆனது, அதனால சொல்லுறோம்.

காசு? கோழி அடிக்கும்போது இறகைப் பொறுக்குங்கோ. எல்லாரும் விட்டிட்டுப் போவார்கள். பிறகு பாபேரியன் கிராமத்து ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க அந்த இறகுதான் வேணும், அந்த மீன்தான் பிறகு உங்கட சாப்பாடு. மாட்டுத் தோலையும் விடாதையுங்கோ. அதே கிராமத்தில் நிலத்துக்குள் இறங்கிற ஒரு பொந்து இருக்கு, பாதுகாப்புக் கோட்டை என்று பெயர். கதவுக்குக் கதவு கேள்வி கேட்கும்: யாராவது பாஸ்வேர்ட் கேட்டால் என்ன செய்வாய், அந்த மாதிரி. நான்கு தளம். முதல் மூன்றிலும் சேர்த்து 10,000 நாணயம், கடைசியில் ஒரு சோடி சப்பாத்து. புது ஆளுக்கு அது பெரிய காசு. சாப்பாடு நிறையக் கொண்டுபோங்கோ, கீழே போகப் போக அடி கடுமை.

லம்பிரிட்ஜில் இருந்து வரொக்குக்கு நடக்கும்போது நகரத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு கல்வட்டம் வரும். கறுப்பு உடுப்பு மந்திரவாதிகள் நிற்பார்கள். விலகிப் போங்கோ. எங்கட முதல் சாவு நாலு பேருக்கும் அந்த இடத்தில்தான். செத்தால் பயப்பட வேண்டாம். விழுந்த இடத்தில் ஒரு கல்லறை முளைக்கும், 15 நிமிசத்துக்குள் திரும்பி வந்தால் சாமானை எடுக்கலாம். லைன் அறுந்தாலும் சண்டைக்கு நடுவில் நிற்கிற ஆள் உடனே மறையாது, கொஞ்ச நேரம் நின்று அடி வாங்கும். 2022 பங்குனியில் 13 மணித்தியாலக் கரண்ட் கட் வந்த நாட்களில் இதைப் படித்தோம். ரவுட்டர் செத்தால் நீங்களும் சாவீர்கள். அந்த நாட்களில் மரம் வெட்டுறதும் மீன் பிடிக்கிறதும்தான் புத்தி.

இன்னொன்று, ஒரு திறமையை 99க்குக் கொண்டுபோக 13,034,431 புள்ளி வேணும். அதில் சரிபாதி 92ஆம் படியில்தான் வரும். 92 வந்திட்டுது, இனிக் கிட்ட என்று நினைக்கிற ஆளுக்கு அப்போதுதான் பாதி வழி. ஆகவே அந்தப் பைத்தியத்தை ஒரு பக்கம் வையுங்கோ. முதல் வாரத்திலேயே மணிக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் பார்த்த ஒரு கூட்டாளி இரண்டாம் வாரம் விளையாட்டை அழித்துப்போட்டு கிரிக்கெட் கேமுக்குப் போயிட்டான்.

இனி ஏமாற்று. வரொக்கில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை இருக்கு, எல்லாரும் கூடுற இடம். அங்கே நின்றால் ஐந்து நிமிசத்தில், "காசு தா, இரட்டிப்பாக்கித் தாறன்" என்று ஒருத்தன் வருவான். முதல் தரம் 1,000 கொடுத்தால் 2,000 தருவான். இரண்டாம் தரம் நீங்கள் எல்லாத்தையும் கொடுப்பீர்கள், அதோட ஆள் இல்லை. "உன்ர கவசத்துக்குத் தங்கக் கரை வைத்துத் தாறன்" என்பான் இன்னொருத்தன். அப்படி ஒரு வேலை ஒருவராலும் செய்ய ஏலாது. "பாஸ்வேர்டை அடிச்சுப் பார், நட்சத்திரமாத்தான் விழும்" என்பான் வேறொருத்தன். பண்டமாற்றில் இரண்டு திரை வரும். இரண்டாவதை வடிவாக வாசியுங்கோ, முதல் திரையில் இருந்த சாமான் அதில் இருக்கா என்று. ஈமெயிலுக்கும் கணக்குக்கும் இரட்டைப் பூட்டுப் போடுங்கோ, வங்கிக்கு நாலு இலக்கப் பின் வையுங்கோ. விளையாட்டுக் காசை உண்மைக் காசுக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் விலகுங்கோ. விதிப்படி தடை, கணக்கே போயிடும்.

இவ்வளவும் தெரியாத ஆக்களிட்ட இருந்து தப்புற வழி. தெரிஞ்ச ஆக்களிட்ட இருந்து தப்புற வழியைச் சொல்ல எங்களுக்குத்தான் தகுதி இருக்கு, ஏனென்றால் அந்த வேலையைச் செய்தது நாங்கள்.

வரொக்குக்கு வடக்கே ஒரு பள்ளம் ஓடுது. அதைத் தாண்டினால் வில்டர்னஸ். அங்கே ஆளை ஆள் அடிக்கலாம். உள்ளே போகப் போகப் படி கூடும், படி கூடக் கூட உங்களைவிடப் பெரிய ஆக்களும் உங்களை அடிக்கலாம். 20ஆம் படிக்கு மேல சாதாரண மந்திரத்தில் பறந்து தப்ப ஏலாது. இன்னொரு ஆளின் கையால் செத்தால் விலைகூடின மூன்று சாமான் மட்டும் மிஞ்சும், மிச்சம் அடித்தவனுக்கு.

நாங்கள் நாலு பேர். 2020இல் ஒன்றாகத் தொடங்கினது. எங்களில் மெதுவாக விளையாடினவன் ஒருத்தன், எல்லா ஆக்களோடயும் நின்று கதைப்பான், ஒரு வரி விடாமல் வாசிப்பான். இலவசப் பக்கத்தின் கடைசிப் பெரிய கதை பறவைநாகத்தைக் கொல்லுறது. அதைத் தொடங்கவே 32 குவெஸ்ட் புள்ளி வேணும். அதை முடித்தால்தான் ரூன் மார்புக்கவசம் போடலாம். இரண்டு மாதம் இரவிரவாக இருந்து முடித்தான். முடித்த அன்று இரவு, தலையில இருந்து கால் வரை நீல உலோகம் போட்டுக்கொண்டு வரொக் சதுக்கத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

"வடக்கால ஒரு சாமான் இருக்கு, வா காட்டுறம்" என்று கூட்டிக்கொண்டு போனோம்.

பள்ளத்தைத் தாண்டேக்க ஒரு எச்சரிக்கைப் பலகை வரும். வாசித்தான், வாசிக்கிற ஆள்தானே. "டேய், இது பாதுகாப்பா?" என்று கேட்டான். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், பயப்படாதை என்றோம். நல்லாய் உள்ளே போன பிறகு மூன்று பேரும் சேர்ந்து அடித்தோம். அவன் திருப்பி அடிக்கேல்ல. "டேய் பிழையா அமத்திட்டாய்" என்று இங்கிலீசு எழுத்தில் டைப் பண்ணினான். பிறகு "மச்சான்" என்று மட்டும். அதுக்குள்ள விழுந்திட்டான்.

மூன்று பேரும் வட்ஸ்அப் கோலில் விழுந்து விழுந்து சிரித்தோம். மார்புக்கவசம் அவனுக்கு மிஞ்சினது. ஹெல்மெட்டும் வாளும் எங்களுக்கு விழுந்தது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கிறதுதான் யோசனை, சத்தியமாக. அடுத்த நாள் அவன் வரேல்ல. அதுக்கடுத்த நாள் குறூப்பில் இருந்து வெளியால போயிருந்தான். "ஒரு கேமுக்கு இவ்வளவு கோவமா" என்று நாங்கள்தான் கோவித்துக்கொண்டோம். அந்த மாதம் அவன்ட அப்பாவுக்கு வேலை போனதும், அவன் ரியூசனை நிப்பாட்டினதும், மாதங்கள் கழித்து வேற ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இரவிரவாக எங்களோட இருந்தவன், எங்களிட்ட ஒரு வார்த்தை சொல்லேல்ல. நாங்களும் கேட்கேல்ல. எத்தனையாம் படி என்று மட்டும்தான் கேட்டோம்.

தம்பி, நீ அவன்ட தம்பி. அது உனக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் மெசேஜ் போடேக்க ரெண்டு பேரும் அதைத் தொடேல்ல.

ஆகவே வில்டர்னஸ் பற்றி: போகத்தான் வேணும் என்றால், இழந்தால் கவலைப்படாத மூன்று சாமானுக்கு மேல கொண்டுபோகாதை. வேர்ல்ட் மாற்றேக்கயும் கவனம், பிவிபி என்று போட்டிருக்கிற வேர்ல்டுகளில் பள்ளத்துக்கு இங்கால நின்றாலும் அடிப்பார்கள். "வா காட்டுறம்" என்று யார் சொன்னாலும், என்ன சாமான், எந்த இடம் என்று கேள். சொல்லாட்டி போகாதை. நாங்கள் சொன்னாலும் போகாதை.

அந்த ஹெல்மெட்டும் வாளும் இன்னும் எங்களில் ஒருத்தனின் வங்கியில கிடக்கு. நடுவில் ஒரு தரம் காசுக்கு முட்டுப்பட்டு மற்ற எல்லாத்தையும் விற்றவன், அதை விற்கேல்ல. போன கிழமை தம்பியிடம் சொன்னோம், அண்ணாட்டச் சொல்லு, அவன்ட சாமான் பத்திரமாக இருக்கு, லம்பிரிட்ஜ் கோட்டைக்கு வந்தால் கையில் தாறம் என்று. அவன் இப்ப கட்டாரில், இரவு டியூட்டி. இரண்டு நாள் கழித்துத் தம்பி பதில் போட்டான்: "சொன்னனான். அந்த ஹெல்மெட் இப்ப என்ன விலை போகுது எண்டு கேட்டவர்."

சந்தையில் பார்த்தோம். 20,000 நாணயத்துக்குக் கிட்ட. தம்பிக்கு அனுப்பினோம்.

"அவ்வளவுதானா" என்று ஒரு மெசேஜ் வந்தது. தம்பியின் நம்பரில் இருந்து இல்லை, கட்டார் நம்பர்.