பாராட்டு மடலும் ஒரு நோட்டீஸும்

ஆகஸ்ட் 20, 2024
எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்துவிட்டது. 2017-இலிருந்து வாங்கிய ஆராய்ச்சி மானியங்களுக்கு 18 சதவீதம் கட்ட வேண்டுமாம். வட்டி, அபராதம் தனி. என் கடற்பாசித் திட்டமும் பட்டியலில் இருக்கிறது. தில்லி ஐஐடிக்கு 120 கோடி கேட்டு நோட்டீஸ் என்று படித்தபோது அடுத்த தெருச் சண்டை மாதிரிதான் இருந்தது.

மதியம் பதிவாளர் கூப்பிட்டார். நோட்டீஸ் விஷயமாக்கும் என்று ஓடினேன். ஆராய்ச்சிப் பிரிவுத் துணைப் பதிவாளர் மேடம் செப்டம்பர் 30-ந் தேதி ஓய்வு பெறுகிறாராம். “நீங்க நல்லாத் தமிழ் எழுதுவீங்களே சார், பாராட்டு மடல் எழுதிடுங்க.”

ஆகஸ்ட் 21
‘புன்னகை மாறா முகம்’ என்று எழுதி அடித்தேன். அவர் சிரித்து யார் பார்த்தது?

ஆகஸ்ட் 29
நுண்ணோக்கி ஃபைல் மறுபடியும் திரும்பிவிட்டது. ‘அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் கிடைக்கவில்லை என்பதற்கான அறிக்கை இணைக்கவும்.’ பச்சை மையில் அவருடைய கையெழுத்து. 2022 ஜூலை வரை ஆராய்ச்சிக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அந்தச் சலுகை போனபின் 18. விலையும் வரியும் ஏறிக்கொண்டே இருக்க, ஃபைல் மட்டும் மாடியேறி இறங்குகிறது. இந்த அம்மாளுக்கு நான் மடல் எழுத வேண்டும்!

செப்டம்பர் 4
நோட்டீசுக்குப் பதில் தயாராகிறது, மானிய ஆணையுடன் வாருங்கள் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். மேசையில் காலிகோ அட்டை போட்ட நீளப் பேரேடு. திட்டத்துக்கு ஒரு பக்கம்: ஆணை எண், தவணைகள், பயன்பாட்டுச் சான்று அனுப்பிய தேதி. கடைசிக் கட்டத்தில் பென்சிலில் சில பெயர்கள். யார் என்று கேட்டேன்.

“தில்லியில ஃபைலைத் தேடி எடுக்கிறவங்க சார். கையெழுத்துப் போடறவர் பேர் போர்டிலேயே இருக்கும். தேடறவர் பேரை நாமதான் எழுதி வச்சுக்கணும்.”

முன்பெல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஃபைல்களோடு ஏறி, புது மெஹ்ரோலி சாலையில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பத் துறை அலுவலகத்துக்கே போய் நின்றிருக்கிறாராம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து அரை மணி கழித்துத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

என் ஆணையை வரி வரியாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “பணம் கொடுத்ததுக்கு அவங்க நம்மகிட்ட என்ன வாங்கிக்கிட்டாங்க?”

“அறிக்கை வாங்கினாங்களே.”

“அது செலவுக்குக் கணக்கு. வாங்கின வேலைக்குக் கூலி கொடுத்தவன் மிச்சத்தைத் திருப்பிக் கேப்பானா? நாம மிச்சத்தைத் திருப்பறோம். பேங்க்ல கிடந்த பணத்துக்கு விழுந்த வட்டியையும் பாரத்கோஷ்ல அரசாங்கத்துக்கே கட்டறோம். இது கூலி இல்ல சார், கணக்கோட ஒப்படைச்ச காசு.”

412 ரூபாய் வட்டிக்காகப் போன வருஷம் என்னை அலைக்கழித்தாரே, அந்த ரசீதை எடுத்துவரச் சொன்னார். எல்லாத் துறைகளின் வட்டி ரசீதுகளும் சேர்ந்து பதில் கடிதத்தில் இணைப்பு 3 ஆகப் போகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்தையும் தட்டிச் சீராக்கி, நூல் கோத்துக் கட்டினார். இரவு ஏழு மணியாயிற்று.

செப்டம்பர் 9
54-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம். ஆராய்ச்சி மானியங்களுக்கு வரிவிலக்கு! துறையில் மைசூர்பாகு. மேடத்துக்குப் போன் போட்டேன்.

“பரிந்துரைதானே சார். அறிவிக்கை வரட்டும்.” வைத்துவிட்டார்.

செப்டம்பர் 13
மடலில் வட்டி ரசீதுப் பத்தியைப் பதிவாளர் அடித்துவிட்டார். “நல்ல நாளும் அதுவுமா வட்டிக் கணக்கு எதுக்கு?” அந்த இடத்தில் ‘நிர்வாகத் திலகம்’ சேர்த்திருக்கிறார். அதை எடுத்துவிட்டால் மீதி மடலை எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் வாசிக்கலாம், எடுக்காவிட்டாலும் வாசிக்கலாம்.

செப்டம்பர் 18
அறிவிக்கை வரவில்லை.

செப்டம்பர் 25
கண்காணிப்பாளர் சொல்லித்தான் தெரிந்தது: மேடத்தின் ஓய்வூதியக் கருத்துரு தணிக்கையில் நிற்கிறது. என்றைக்கோ தில்லி போன பயண முன்பணம். ரயில் டிக்கெட் இணைக்கப்படவில்லை. ஊரார் ஃபைலில் எல்லாம் விடுபட்ட காகிதத்தைக் கண்டுபிடித்தவர்.

மேடத்திடம் கேட்டதற்கு, “அவங்க கேட்டது சரிதான்” என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 30
விழா. சால்வைகள், சந்தன மாலை, ஃபிரேம் போட்ட மடல். பேசியவர்கள் எல்லாரும் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். பொறுமையை இழந்த நாட்களைத்தான் எனக்குத் தெரியும். ஒரு மானிய ஆணையின் எண்ணைக்கூட யாரும் சொல்லவில்லை. ஏற்புரையில் அவர் நன்றி சொன்னது முழுக்கத் தபால் பிரிவுக்கு.

படியிறங்கும்போது, கூடுதல் பொறுப்பு ஏற்பவரிடம் சொல்லிக்கொண்டே போனார்: “அறிவிக்கை வந்ததும் யார் யாருக்கு விலக்குன்னு முதல்ல பாருங்க. வருமான வரிச் சட்டம் 35-வது பிரிவுல நம்ம பேர் இருக்கிற காகிதத்தை எடுத்து வச்சுக்குங்க.” அவர் தலையாட்டினார். கையில் மேடத்தின் சால்வைப் பை.

அக்டோபர் 9
நேற்றைய தேதியிட்டு அறிவிக்கை வந்திருக்கிறது. நாளை முதல் நடைமுறை. அரசு அமைப்பாக இருக்க வேண்டும், அல்லது 35-வது பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நிறுவனமாக இருக்க வேண்டும். கூடுதல் பொறுப்பில் இருப்பவர் என்னைக் கேட்கிறார்: “நாம இதுல எது சார்?”

பேரேட்டைப் பாருங்கள் என்றேன். அது தணிக்கைக்குப் போயிருக்கிறதாம், மேடத்தின் தில்லிப் பயணத்தைச் சரிபார்க்க.

“நீங்களே மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்,” என்கிறார். ஓய்வூதியம் இன்னும் வராத ஒருவரை எந்த முகத்தோடு அலுவலக வேலைக்குக் கூப்பிடுவது? கூப்பிட்டால் எண்ணும் தேதியுமாகச் சொல்லிவிடுவார், அதுவும் தெரியும். என் பயன்பாட்டுச் சான்று வேறு இந்த வாரம் போக வேண்டும். வட்டி இந்த முறை 96 ரூபாய். கட்டிவிட்டேன்.