பெரம்பலூர் முதல் அரியலூர் வரை: பல்கலைக்கழகம் மாறும் பிள்ளைகளுக்காக

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பேருந்தில் வந்து பெரம்பலூரில் இறங்கினால், புகைவண்டியின் ஓசை உங்கள் செவியில் விழாது. இவ்வூருக்கு இருப்புப்பாதை இல்லை. கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று, விழுப்புரம்–திருச்சி தடத்தில் உள்ள அரியலூர் நிலையத்தில்தான் வண்டி ஏற வேண்டும். வழியில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நிலங்கள். அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகளும், சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகளும், சாலையோர மரங்களின் இலைகளில் படிந்த வெண்தூசியும் கண்ணில் படும்.

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளைகுடாவில் பொருளீட்டுவோர் இல்லாத வீதி அங்கே அரிது. அவர்தம் பிள்ளைகள் சிலர் அங்கேயே கல்லூரியில் சேர்கின்றனர். தந்தையின் வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டால் படிப்பு நடுவழியில் நின்றுவிடுகிறது.

அப்படி ஒரு பிள்ளைக்காகவே நான் அரியலூர் சென்றேன். 2006இல் பிறந்தவர். வளைகுடாவில் இயங்கும் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகக் கிளையில் பொருளாதாரம் ஓராண்டு பயின்று திரும்பியவர். "ஹஜ்ரத், எந்தப் பல்கலைக்கழகம் பெரியது?" என்று அவருடைய அத்தா கேட்டார். பெரியது எது என்பது இரண்டாவது கேள்வி. படித்த ஓராண்டை எது கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்பதே முதற்கேள்வி. அந்த ஓராண்டுக்காக அவர் வெயிலில் உழைத்திருக்கிறாரே!

சான்றிதழ்களை விரித்தோம். பிறப்புச் சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் அரியலூர் மாவட்டம். வீடோ மாறவே இல்லை! திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. அயல்நாட்டு அலுவலருக்கு இந்தக் கதை எங்ஙனம் தெரியும்? இத்தகைய பிள்ளைகள் விண்ணப்பத்துடன் ஒரு விளக்கக் கடிதம் இணைத்துவிடுவது நலம்.

அடுத்து மதிப்பெண் பட்டியல். அதில் 120 கிரெடிட் என்று இருந்தது. மலேசியாவில் 120 கிரெடிட்டில் பட்டமே கிடைக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு அந்தத் தந்தை மகிழ்ந்து போயிருந்தார். ஆனால் பிரிட்டனில் ஓராண்டுக்கே 120, பட்டத்திற்கு 360. ஐரோப்பியக் கணக்கிலோ ஓராண்டுக்கு 60. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் பட்டம் முழுமைக்கும் ஏறத்தாழ 120. எண் ஒன்றாக இருப்பினும் அளவு வேறு. நம்மூரில் படியும் மரக்காலும் வேறாக இருந்ததைப் போல.

பொருளாதாரம் என்ற பெயரும் அப்படியே. ஓரிடத்தில் அது வரலாறும் வேளாண்மையும் அரசின் கொள்கையும் சார்ந்தது. வேறோரிடத்தில் நுண்கணிதமும் புள்ளியியலும் இன்றி இரண்டாம் ஆண்டு வாயிலையே மிதிக்க முடியாது. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத நம் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். இந்தப் பிள்ளையும் கணிதம் எடுக்காதவர்.

அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இணைந்த திருச்சி, அரியலூர் கல்லூரிகள் அருகில் உள்ளன. 1951இல் தோன்றிய ஜமால் முகம்மது கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். செலவு குறைவு, தாயின் கண்முன்னே படிக்கலாம். ஆயினும் நேரே இரண்டாம் ஆண்டில் சேரக் காலியிடமும் பல்கலைக்கழக அனுமதியும் வேண்டும். கிடைக்காவிடில் முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவது, 1983இல் தொடங்கப்பட்ட மலேசியப் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம். தொடக்கம் முதலே பொருளாதாரத்திற்கு அங்கே தனித் துறை உண்டு. மூன்றாவது, பிரிட்டனில் உள்ள தாய்ப் பல்கலைக்கழகத்திற்கே மாறுவது. ஓராண்டு வீணாகாது, ஆனால் அக்கட்டணத்திற்கு வீட்டை அடகு வைக்க நேரும். இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு செய்தியைப் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் புதிய விதிகளை வெளியிட்டது. அதன்படி, பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கி நடத்தப்படும் நிறுவனங்களின் பட்டம் செல்லாது. கிளை நிறுவனம் எனில், அது இயங்கும் நாடு, தாய் நிறுவனத்தின் நாடு ஆகிய இரண்டின் விதிகளுக்கும் உட்பட்டதாக இருத்தல் வேண்டும். முகவர்கள் இதை வாய்திறந்து சொல்வதில்லை.

படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இணைத்து, எந்தெந்தப் பாடங்களை ஏற்பீர்கள், எந்த ஆண்டில் சேர்ப்பீர்கள் என்று எழுத்து மூலம் கேட்டு, மூன்று இடங்களுக்கும் கடிதம் அனுப்பச் செய்தேன். பதில் கையில் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டணம் செலுத்தலாகாது என்று தந்தையிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

நான் இதை எழுதும்போது ஓரிடத்திலிருந்து மட்டுமே பதில் வந்துள்ளது. எட்டுப் பாடங்களில் ஆறு ஏற்கப்பட்டுள்ளன. கணிதத் தேர்வு ஒன்று எழுத வேண்டுமாம். பிள்ளை இப்போது பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கி, தம்மைவிட மூன்று வயது இளைய பக்கத்து வீட்டுப் பையனிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.