பின்னின்று தள்ளும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயிலை அறியாத குடும்பம் நம் கொங்கு நாட்டில் அரிது. ஆயினும் சன்னலோரக் காட்சியில் மகிழும் நாம், அந்த ரயிலின் எஞ்சினைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஏற்றத்தில் அது பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளம் நோக்கி உருண்டோடாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இப்பாதை 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் அமைந்தது. சுமார் 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இத்தகைய சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். எனவே ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களின் நடுவே இரண்டு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டன. ஒன்றன் பற்கள் மற்றதன் இடைவெளிகளுக்கு நேராக நிற்கின்றன. ஒரு பல் விடுபடும் வேளையில் இன்னொரு பல் பற்றியிருக்கும்.

இதற்கெனவே 'எக்ஸ்' வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் 1952 வரையிலான காலத்தில் செய்யப்பட்டன. இவற்றுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதரையில் இரண்டு மட்டும் இயங்கிச் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். ஏற்றம் வந்ததும், அவ்விரண்டில் உழைத்து வெளிவரும் நீராவி வீணாகாமல் மற்ற இரண்டில் புகுந்து, பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவி இருமுறை உழைக்கிறது! பெட்டிதோறும் நிற்கும் பிரேக் பணியாளர்கள், ஓட்டுநரின் விசிலைக் கேட்டுக் கைப்பிடியை இயக்குகின்றனர்.

2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டயம் மட்டும் எஞ்சினை ஓட்டிவிடாது. குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின் இழுக்கிறது. பற்சட்டப் பாதையிலோ நீராவியே ஆட்சி செய்கிறது. அதற்கெனத் திருச்சி பொன்மலைப் பணிமனையினர் 2011 முதல் புதிய நீராவி எஞ்சின்களைத் தாமே செய்து தந்தனர். கைப்பழக்கம் அற்றுப்போயிருப்பின் அது இயன்றிருக்குமா?

பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் நிறைந்த நம் கோவையிலேயே, மகன் கரி படிந்த கையுடன் வீடு திரும்புவதைக் குறைவாக எண்ணும் பெற்றோர் உண்டு. அவர்கள் ஒருமுறை பிள்ளைகளுடன் குன்னூர் நிலையத்தில் இறங்கி, எஞ்சினருகே நிற்கட்டும். எண்ணெயும் வியர்வையும் கலந்த அக்கைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டட்டும். மலையேறுவோரைச் சுமப்பவை அக்கைகளே.